அக்கா விளக்கம் சொல்ல மாட்டாள்

ஏழு நாள் கெடுவில் ஐந்து நாள் போயே போய்விட்டது. கடிதம் சாப்பாட்டு மேஜை மேலேயே கிடந்தது. அக்கா தினமும் காலையில் அதன் மேல்தான் டம்ளரை வைத்தாள். வைத்து வைத்து, நூலகத் துறை அதிகாரியின் கையெழுத்தைச் சுற்றி ஒரு காபி வட்டம் விழுந்துவிட்டது.

தம்பி அதைப் பதினோராவது தடவையாக எடுத்துப் படித்தான். பதினான்காம் தேதி வேலை நாளாக இருந்தும் கிளை நூலகத்தை நாள் முழுவதும் பூட்டி வைத்ததற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தவறினால் பணியிலிருந்து நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. பத்தாவது தடவை படித்தபோதும் அப்படித்தான் இருந்தது.

“ஒரே ஒரு வரி அக்கா. உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடு.”

“உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு.”

“சரி, அப்ப என்ன நடந்துச்சோ அதையே எழுது.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“பாத்தியா, நீயும் கேக்கற.”

இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் பேசுவது? தம்பி தலையில் அடித்துக்கொண்டான். ஐம்பத்து மூன்று வயதில், ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு நாலு பேர் மதிக்கக் கடை நடத்துகிறவன், வீட்டுக்குள் வந்தால் இப்படித் தலையில் அடித்துக்கொள்வதே பிழைப்பாகிவிட்டது.

அக்காவுக்கு ஐம்பத்தேழு. ஓய்வு பெற இன்னும் பத்தே மாதம். தம்பி வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். கீழே தம்பியும் அவன் மனைவியும் அம்மாவும். சாப்பாட்டுக்கு மட்டும் அக்கா கீழே வருவாள். கிளை நூலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அவள் ஏழு மணிக்கே போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஜன்னலோரப் பழைய மேஜையில் உட்கார்ந்து எழுதுவாள். மூன்று நாவல்களும் அந்த மேஜையில் எழுதியவைதான். நாலாவது பாதியில் நிற்கிறது. வீட்டில் அவளுக்கு ஒரு வரி ஓடாது. நாலைந்து தடவை முயன்று பார்த்துவிட்டு, மாடி அறை தூங்கத்தான் லாயக்கு என்று முடிவு கட்டிவிட்டாள். வேலை போனால் மேஜை போகும். மேஜை போனால் அக்கா என்ன ஆவாள் என்பதை நினைக்கவே தம்பிக்குப் பயமாக இருந்தது. அவளோ ஒன்றுமே நடக்காதது போல டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இது இன்று நேற்றுப் பழக்கமா என்ன? விளக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அக்காவின் வாய் பூட்டிக்கொள்ளும். அவளுடைய நாவல்களுக்கு முன்னுரை கிடையாது. இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “உங்க கதாநாயகன் ஏன் கடைசியில அப்படிச் சாகணும்?” என்று உருக்கமாகக் கேட்டபோது, “செத்துட்டான், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினாள். வயிற்று வலி என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால், “எதனால வலிக்குதுன்னு நினைக்கிறீங்க?” என்று அவர் கேட்டதற்கு, “அதைக் கண்டுபிடிக்கத்தானே நீங்க இருக்கீங்க” என்றாள். எதைக் கேட்டாலும் “கிடையாது” என்று மட்டும் சொல்வதால், நூலகத்துக்கு வருகிறவர்கள் அவளுக்குக் ‘கிடையாதம்மா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும். அதற்கும் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, “வேண்டாம்” என்றாள். ஏன் என்று அப்பா கேட்டார், அம்மா கேட்டாள், பந்தல்காரர்கூடக் கேட்டார். மூச்சு விடவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லும் பொறுப்பு இருபத்திரண்டு வயதுத் தம்பி தலையில் விழுந்தது. “என்னக்கா சொல்றது அவங்ககிட்ட?” என்று கேட்டான். “வேண்டாம்னு சொல்லு” என்றாள். அவன் போய் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னென்னவோ உளறினான். அன்றைக்கு அவர்கள் பார்த்த பார்வை இன்னும் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்லும், அப்பா என்று. அக்காவே அதை மூன்று நாவல்களிலும் மூன்று விதமாக எழுதிவிட்டாள். பேட்டி எடுக்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல மாட்டாளே தவிர, நாவலில் அப்பாவை விட்டு வைக்கவில்லை.

அப்பா குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அலுவலகத்தில் யாராவது தப்புச் செய்தால் மெமோ கொடுத்து விளக்கம் கேட்பார்கள். அப்பா அந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கை நீட்டியதே இல்லை. அடித்திருந்தால்கூட அன்றோடு போயிருக்கும். பழைய அலுவலகத் தாளின் பின்பக்கத்தில், கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதுவார். “நேற்று மாலை முன்னறை ஜன்னல் கண்ணாடி உடைந்தது தொடர்பாக, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் அளிக்கவும்.” ஒரு பிரதி குற்றவாளிக்கு. இன்னொன்று கோப்புக்கு. குற்றவாளிக்கு வயது நாலு.

நாலு வயதுத் தம்பி என்ன விளக்கம் எழுதுவான்? எட்டு வயது அக்காதான் எழுதினாள். பந்து எந்தத் திசையில் போனது, காற்று எந்தத் திசையில் அடித்தது, நடுவில் ஒரு நாய் எப்படிக் குறுக்கே வந்தது என்று ஒன்றரைப் பக்கம். நாய் வரவே இல்லை. அப்பா அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு, சிவப்பு மையில் “ஏற்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கு மெமோ வந்தாலும் அக்காதான் வக்கீல்.

வீட்டில் யாருக்கு என்றால், அம்மாவுக்கும்தான். சாப்பாட்டில் உப்பு கூடிப்போனதற்கு மெமோ. துவைத்த சட்டையில் பொத்தான் காணாமல் போனதற்கு மெமோ. அம்மா எட்டாவது வரை படித்தவள்; ஆனால் அவள் பேனாவைக் கையில் எடுத்து யாரும் பார்த்ததில்லை. அம்மாவுக்கு எழுத வராது என்று வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அக்கா அம்மா சார்பில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள்.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். மெமோ வந்தது. வழியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள், நின்று பார்த்தேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். “ஏற்க இயலாது” என்று திரும்பி வந்தது. சுவர் விழுந்த பிறகு உள்ளே நீலச் சுண்ணாம்பு தெரிந்தது, அது அழகாக இருந்தது என்று சேர்த்து எழுதினாள். ஏற்க இயலாது. நாலு தடவை உண்மையை எழுதி நாலு தடவையும் திரும்பி வந்தது. ஐந்தாம் தடவை, கண் தெரியாத ஒரு பெரியவரைச் சாலை கடக்க வைத்து வீடு வரை கொண்டுபோய் விட்டேன் என்று எழுதினாள். ஏற்கப்பட்டது. கூடவே, “பாராட்டத்தக்கது.” அன்றைக்குப் பேனாவை மூடியவள்தான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு அவள் ஒரு விளக்கமும் எழுதவில்லை, யாருக்கும் எழுதவில்லை. அப்பா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவர்மேல் இருந்த பிடிவாதத்தை ஊர் முழுவதும் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

தம்பிக்கு இந்தக் கதையெல்லாம் மனப்பாடம். பாவம்தான், யார் இல்லை என்றார்கள்? அதற்காகப் பன்னிரண்டு வயதில் மூடிய பேனாவை ஐம்பத்தேழு வயதில் பத்து மாத வேலைக்காகக்கூடத் திறக்க மாட்டேன் என்றால்? அவன் மட்டும் அந்த வீட்டில் வளரவில்லையா? அவனுக்கு ஒரு பிடிவாதமும் வரவில்லை, ஒரு நாவலும் வரவில்லை. ரத்த அழுத்தம்தான் வந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவனே எழுதினான். பதினான்காம் தேதி காலை தனக்குத் திடீரென்று நெஞ்சு வலி வந்ததாகவும், அக்காதான் தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் வரை கூட இருந்ததாகவும், அந்தப் பதற்றத்தில் நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்றும் எழுதி, இப்படிக்கு அன்புத் தம்பி என்று முடித்தான். எழுதி முடித்தபோது நிஜமாகவே கொஞ்சம் வலிப்பது போல இருந்தது. அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா காதுக்குப் போகும். போனால் வீடு ரெண்டுபடும்.

ஒன்பதாம் நாள் அதிகாரியின் அலுவலகத்திலிருந்து நேரில் வரச் சொல்லி ஆள் வந்தது. அக்கா மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினாள். “வரச் சொன்னா வருவேன். சொல்லச் சொன்னாத்தான் மாட்டேன்” என்றாள். தம்பி கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனான்.

அலுவலகம் இரண்டாவது மாடியில். நீளமான அறை, சுவரோரம் இடுப்பளவுக்குக் கோப்புகள், மேலே ஒரு மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றியது. அதிகாரி ஒல்லியான மனிதர். தம்பிக்கு முகம் நினைவில் நிற்காது. முப்பது வருஷமாகக் கண்ணாடிகளையே பார்த்துப் பார்த்து, ஆளைச் சட்டத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். அதிகாரியின் கண்ணாடியைப் பார்த்தான். பழுப்புச் சட்டம், இடது மூக்குத்தாங்கி மட்டும் புதுசு. அவனே மாட்டிக் கொடுத்தது.

“உங்களுக்கு இப்ப நெஞ்சு வலி தேவலையா?” என்று கேட்டார் அதிகாரி.

“பரவாயில்ல சார்.”

“பதினாலாம் தேதி காலையில பதினோரு மணிக்கு உங்க கடைக்கு வந்து இதை மாட்டிக்கிட்டுப் போனேன். அப்ப நல்லா பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தீங்க.”

அக்கா மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“நீ எழுதினியா?”

“ஒரே ஒரு பக்கம்தான்.”

“ஒண்ணுன்னா பரவாயில்லையே” என்று அதிகாரி கோப்பைத் திறந்தார். “இன்னொண்ணு இருக்கு. உங்க தம்பி மனைவி, ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை பாக்கறவங்க. உங்களுக்குப் பதிமூணாம் தேதியிலேர்ந்து கடுமையான தலைசுத்தல்னு எழுதி, ஒரு பரிசோதனை முடிவும் இணைச்சிருக்காங்க. அதுல வயசு முப்பத்தொண்ணு, ஆண்னு போட்டிருக்கு.”

தம்பிக்கு உட்கார்ந்த இடம் அப்படியே பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவன் மனைவி வேறு வீட்டில் பிறந்தவள். மெமோ என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தவள். இருபத்தைந்து வருஷத்தில் அவளுக்கும் இந்த வீட்டு வியாதி தொற்றிக்கொண்டது. யார் என்ன கேட்டாலும் உடனே ஒரு பக்கம் எழுதிவிட வேண்டும். உண்மையைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

அக்கா இரண்டு கடிதங்களையும் கையை நீட்டி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, “உன்னுது சுமார்” என்று தம்பியிடம் சொன்னாள். “ஆஸ்பத்திரி பேரே இல்ல. அவளுது பரவாயில்ல, ஆனா அவசரப்பட்டுட்டா.”

“அக்கா!”

“மேடம்,” என்று அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பதினஞ்சாம் தேதி காலையில நானே உங்க நூலகத்துக்கு வந்தேன். நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க. முந்தின நாள் விடியக்காலை மழையில கூரை ஒழுகியிருக்கு. மூணு அலமாரி புத்தகம் நனைஞ்சிருக்கு. ஒவ்வொண்ணையும் பிரிச்சு, பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகி, தரை பூரா ஃபேனுக்குக் கீழ பரப்பி வெச்சிருந்தீங்க. கால் வைக்க இடமில்ல. நாள் பூரா ஒத்தையா அந்த வேலையைத்தான் செஞ்சிருக்கீங்க. கூட்டிப் பெருக்கறம்மா எல்லாத்தையும் சொன்னாங்க.”

தம்பி எழுந்தே நின்றுவிட்டான். ஒன்பது நாள்! ஒன்பது நாளாக அவன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பொய்க் கடிதம் எழுதி ஓர் அரசாங்க அதிகாரியின் முன்னால் அசடு வழிய உட்கார்ந்திருக்கிறான். இவளோ மாலை போட்டுப் பாராட்டத்தக்க ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் டம்ளரை வைத்திருக்கிறாள்.

“இதைச் சொல்றதுக்கு என்னக்கா உனக்கு? சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவ?”

“அவர்தான் பாத்துட்டாரே. தெரிஞ்சுகிட்டே கேக்கறவருக்கு நான் எதுக்குச் சொல்லணும்?”

“நான் பாத்தது தாள் ஆகாது மேடம்,” என்றார் அதிகாரி. அவர் குரலிலும் பொறுமை தேய்ந்துகொண்டிருந்தது. “ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருத்தர், தினமும் முதல் ஆளா வந்து பேப்பரைப் பிடிச்சுக்கறவராம், நாலு பக்கத்துக்குப் புகார் எழுதியிருக்காரு. புகார் வந்தா கோப்பு தொறக்கணும். தொறந்த கோப்பை மூட உங்க கைப்பட ஒரு வரி வேணும். அந்த ஒரு வரி இல்லாததால இதை மேலிடத்துக்கு அனுப்பினா, அவங்க கூரையையும் பாக்க மாட்டாங்க, உங்க புத்தகத்தையும் பாக்க மாட்டாங்க. பத்து மாசத்துல ஓய்வு பெறப் போறவங்களை அனுப்பிடுவாங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போடணும். எனக்கு அது பிடிக்கல.”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். அந்த முகம் தம்பிக்கு நன்றாகத் தெரியும். கல்லுளிமங்கி முகம். இனி தலைகீழாக நின்றாலும் அதிலிருந்து ஒரு சொல் வராது. அவளுடைய மேஜை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது, அவள் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டுக் கோப்பின் அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

“மூணாவது ஒண்ணு இருக்கு. இதை என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியல. ஒரு வயசான அம்மா முந்தா நாள் தனியா ஆட்டோ பிடிச்சு வந்து, தபால் பிரிவுல நேர்ல குடுத்து, பெற்றுக்கொண்டதுக்கு முத்திரை வேணும்னு நின்னு வாங்கிட்டுப் போயிருக்காங்க.”

“அம்மாவா?” என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில்.

எழுபத்தொன்பது வயது அம்மா. முந்தா நாள் மத்தியானம் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவள். தம்பி அக்காவின் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தான். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். எழுத்து பெரிசு பெரிசாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஆனால் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் இருந்தது. அக்கா படிக்க ஆரம்பித்தாள். தம்பியும் கூடவே வரிக்கு வரி படித்தான்.

“மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு. நூலகம் ஏன் பூட்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மகள் மறந்துபோய்ப் பூட்டுகிறவள் அல்ல. வேண்டும் என்றுதான் பூட்டியிருப்பாள். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அவளுடைய அப்பா விளக்கம் கேட்டுக் கேட்டு வளர்த்ததால் இப்படி ஆகிவிட்டாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவளும் மூன்று புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் நானும் இருந்தேன்.

“எனக்குக் கல்யாணமான இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரர் எனக்கு முதல் மெமோ கொடுத்தார். சொல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போனதற்கு விளக்கம் கேட்டிருந்தார். ‘போகத் தோன்றியது, போனேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒன்பது வருஷம் எனக்கு மெமோ வரவில்லை. என் மகள் எழுதத் தொடங்கிய பிறகுதான் மறுபடி வந்தது. அவள் எனக்காக நன்றாக எழுதிக் கொடுப்பாள் என்று தெரிந்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

“ஆகவே, இவள் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் இருப்பது என்னிடமிருந்து வந்தது. நடவடிக்கை எடுப்பதானால் அதையும் கவனத்தில் கொள்ளவும்.”

கீழே அம்மாவின் முழுப் பெயர், தேதி, இடம், எல்லாம் முறைப்படி. ஒரு தலைமை எழுத்தருடன் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் ஆயிற்றே.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்ற இரண்டு கடிதங்களுக்கும் சட்டென்று மார்க் போட்டவள் இதற்கு மார்க் போடவில்லை. தம்பிக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கோ போய், அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சின்ன வயதில் அம்மாவைக் காப்பாற்றியது ஒன்றுதான் அந்த வீட்டில் தான் உருப்படியாகச் செய்த காரியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனிடமே பல தடவை சொல்லியிருக்கிறாள்.

“ஒரு தாள் குடுங்க” என்றாள் அதிகாரியிடம்.

“எதுக்கு?”

“நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்.”

தாளை வாங்கி நின்றபடியே எழுதினாள். “பதினான்காம் தேதி வேண்டும் என்றுதான் பூட்டினேன். கூரை ஒழுகியது. நனைந்த புத்தகங்களை உலர்த்தினேன்.” கையெழுத்துப் போட்டாள். மொத்தமே மூன்று வரி. அதிகாரி அதை வாங்கி, அவள் மனம் மாறுவதற்குள் முத்திரையைக் குத்தி, கோப்பில் சேர்த்து, நாடாவை இறுக்கிக் கட்டினார். ஒன்பது நாள் உயிரை வாங்கிய விவகாரம் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. தம்பிக்குச் சிரிப்பதா, அழுவதா, அக்காவை நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியவில்லை. கேட்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

அம்மா முன்னறையில் கட்டில்மேல் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, “வேலை இருக்கா, போச்சா?” என்று கேட்டாள்.

“இருக்கும்மா,” என்றான் தம்பி. “கோப்பைக் கட்டி வெச்சுட்டாரு.”

“சரி. கை கால் கழுவிட்டுச் சாப்பிடுங்க.”

அக்கா நகரவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

“நான் எழுதினதாலதான் உனக்கு மறுபடி மெமோ வந்துச்சா?”

“அதைத்தானே எழுதியிருக்கேன்.”

“அப்பவே ஏம்மா சொல்லல? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே.”

“எட்டு வயசு உனக்கு. நாக்கைக் கடிச்சுகிட்டு ஒக்காந்து எழுதுவ. எழுதி முடிச்சு எடுத்துட்டு வந்து என் மூஞ்சியைப் பாப்ப. அந்தப் பிள்ளைகிட்ட வேண்டாம்னு எப்படிடீ சொல்றது?” அம்மா ஒரு சட்டையை உதறி மடித்தாள். “நாம எழுதினா ஒரு வரியில முடிஞ்சிரும், இது இப்படிக் கஷ்டப்படுதேன்னு தோணும். சரி, எழுதட்டும், கை வருதுன்னு விட்டுட்டேன்.”

“அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்?” என்று தம்பி குறுக்கே வந்தான். “அக்கா களைச்சுப் போயிருக்கா.”

“நீ சும்மா இருடா. நெஞ்சு வலின்னு எழுதினவன்தானே நீ?” என்றாள் அம்மா. அது எப்படி அவளுக்குத் தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. “முப்பது வருஷமா பொறுத்துக்கிட்டு இருக்கேன். மூணு புத்தகம் எழுதியிருக்கா. மூணுலயும் நான் அழுதுகிட்டே இருக்கேன். படிச்சுட்டு வர்றவங்க எல்லாம் என் கையைப் பிடிச்சுகிட்டு, ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாம்மான்னு கண்ணு கலங்கறாங்க. நான் என்ன சொல்றது அவங்களுக்கு? நான் எப்போடீ அழுதேன்?”

“நான் பாத்தேன்.”

“என்ன பாத்த?”

“அப்பா விளக்கத்தைச் சத்தமா படிப்பாரு. நீ எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னாடி நிப்ப. முந்தானையை வாயில வெச்சுக்குவ. தோள் ரெண்டும் குலுங்கும். ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும் பாத்தேன்மா.”

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“சிரிச்சேன்டீ!” என்றாள். “எங்கேர்ந்தோ ஒரு நாய் குறுக்க வந்துச்சுன்னு எழுதினியே, உப்பு டப்பா மூடி மழையில வீங்கிப்போய்த் திறந்துக்கிச்சுன்னு எழுதினியே, அதை எல்லாம் அவரு கோர்ட்டுல படிக்கற மாதிரி மூக்கு நுனியில கண்ணாடியை வெச்சுகிட்டுப் படிப்பாரு. எனக்குச் சிரிப்பு பொத்துகிட்டு வரும். எதிர்ல சிரிச்சா அதுக்கு ஒரு மெமோ வரும். வந்தா அதுக்கும் நீ ஒக்காந்து எழுதுவ. அதான் உள்ள ஓடிப் போய் நின்னு சிரிச்சேன். அழுதாளாம்! ஒரு தடவையாவது வந்து, ஏம்மான்னு கேட்டியா?”

அக்கா கேட்டதில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. தம்பியும் கேட்டதில்லை. கேள்வி கேட்பது அப்பாவின் வேலை என்று இரண்டு பேரும் அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்காமலே வளர்ந்துவிட்டார்கள்.

“எனக்கு வேற கஷ்டம் இருந்துச்சு,” என்றாள் அம்மா, இப்போது கொஞ்சம் தணிந்து. “அழுததும் உண்டு. அது எதுவும் உன் புத்தகத்துல இல்ல. அதெல்லாம் மெமோவுல வர்ற விஷயம் இல்ல.”

அக்கா கைப்பையைத் தரையில் வைத்தாள். கட்டிலுக்கு எதிரே, துணிக் குவியலுக்குப் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தாள்.

“என்ன கஷ்டம்மா?” என்று கேட்டாள். கேட்டபடியே பழக்க தோஷத்தில் அவள் கை பையைத் துழாவி நோட்டையும் பேனாவையும் வெளியே எடுத்தது. “சொல்லு. நான் எழுதிக்கறேன்.”

“எழுதாத,” என்றாள் அம்மா. “கேளு.”